ஞாயிறும் வெள்ளியும் வாசித்தவர்

எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசித்தவர் இந்து. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கோ ஞானஸ்நானத்துக்கோ வந்தவர்கள் இதைக் கேட்டு ஒரு கணம் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை. நான் கல்யாணமாகிக் கேரள எல்லையோரத்துக் கொல்லயில் ஊருக்கு வந்தபோதே அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு வாசித்தவர் வளைகுடாவுக்குப் போய்விட, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று யாரோ இவரைக் கூட்டி வந்தார்களாம். அடுத்த ஞாயிறும் வேறு ஆள் கிடைக்கவில்லை. பிறகு யாரும் தேடவில்லை.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. முன்பு கைக்கடிகாரமும் குடையும் பழுதுபார்த்த கடை. பிறகு அதே ஆணிகளில் போன் உறைகளும் சார்ஜர்களும் தொங்கின. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறேன். காலையில் வண்டி பிடிக்க அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். திங்கட்கிழமைகளில் அவரிடமிருந்து தப்ப முடியாது. முந்தைய நாள் எங்கள் பாடகர் குழு எந்த இடத்தில் இழுத்தது, யார் சுருதி விட்டு இறங்கினார்கள் என்று கடைக்குள்ளிருந்தே சொல்லுவார். ரோட்டில் போகிறவர்கள் கேட்பார்களே என்று நினைக்க மாட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போடுவேன்.

கோபக்காரர். பாடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் தாளம் தவறினால் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொள்வார். ஆராதனை நடுவில், எல்லோரும் எழுந்து நிற்கும்போது, சத்தமே இல்லாமல் நாங்கள் மட்டும் தத்தளித்துக் கரையேற வேண்டும். பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போய்ப் பலாமரத்தடியில் நிற்பார். பிரசங்கம் முடியப் போவது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். போதகர் ஆமென் சொல்லும்போது ஸ்டூலில் இருப்பார். திருவிருந்துக்கு அவர் எழுந்ததில்லை. அவரை யாரும் அழைத்ததுமில்லை. மதம் மாறச் சொல்லி ஒருவரும் அவரிடம் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. பேசியிருந்தால் அந்த ஆள் திங்கட்கிழமை அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தன் வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் பஜனைக்கு வாசித்தார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கோயிலின் ஒலிபெருக்கி கேட்கும். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடுக்கிட்டேன். கோயிலில் பாடிக்கொண்டிருந்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை. ஆனந்தபைரவியில் அமைந்த அதே மெட்டு, அதே இறக்கம், அதே இடத்தில் ஒரு நிறுத்தம். சொற்கள் மட்டும் வேறு. நாங்கள் தமிழில் பாடுவோம், அவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். என் கணவரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார்.

எது முதலில் வந்தது என்பது யாருக்கும் தெரியாது. சபையில் உள்ள பெரியவர்கள் கோயில்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்தது என்பார்கள். கோயிலில் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். ஒருமுறை நான் ஆர்மோனியக்காரரிடமே கேட்டேன். பழைய நாடகக் கம்பெனிக்காரன் ஒருவன் அவருடைய அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த மெட்டு என்றார். அவன் எங்கிருந்து எடுத்தானோ என்றும் சொன்னார்.

என் கணவர் சிறுநீரகம் கெட்டு இறந்தபோது எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் ஆர்மோனியக்காரரும் அவர் மனைவியும்தான். நான் அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாளை மைனி என்றும் கூப்பிடுவேன். சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். மைனி கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிய என்னை ஒரு கரண்டியாவது குடிக்க வைத்தாள். கல்லறைத் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒருவர் குடை பிடிக்க, அண்ணன் ஈர மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார். அந்த ஆனந்தபைரவிக் கீர்த்தனைதான். அன்றைக்கு நாங்கள் எவ்வளவு இழுத்தும் அவர் கையை எடுக்கவில்லை. எங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து வாசித்தார்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண் எங்கள் பக்கம் வந்தாள். எல்லைக் கிராமங்களில் இரண்டு மொழியும் இரண்டு மதமும் பாட்டுகளை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பது அவளுடைய விஷயம். நல்ல பெண். தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. கீர்த்தனைகளின் தமிழ்ச் சொற்களை நான் அவளுக்கு மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டாள். ஒரு ஞாயிறு சபையில் வந்து படம் பிடித்தாள். அடுத்த வெள்ளி கோயிலிலும் பிடித்தாள். இரண்டு இடத்திலும் அனுமதி கேட்டுத்தான் செய்தாள். இரண்டு கமிட்டியும் சந்தோஷமாகச் சம்மதித்தன. கோயில் செயலாளர் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

அண்ணனுக்கு இதிலெல்லாம் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் படம் பிடித்த அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். முடிக்குச் சாயம் பூசியிருந்தார்.

அவள் ஒரு சின்ன வீடியோவாக அதை ஆக்கினாள். திரையை நடுவில் பிரித்து, இடது பாதியில் எங்கள் சபை, வலது பாதியில் கோயில். இரண்டு பக்கமும் அவர் கைகள், அதே கட்டைகள்மேல். சத்தம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நழுவிப் போகும். பாதி வரி தமிழ், மீதி வரி மலையாளம். கீழே ஒற்றுமையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தாள். நான் லேபில் மதிய இடைவேளையில் அதைப் பார்த்தேன். கண் கலங்கியது. கூட வேலை பார்க்கிற பெண்களுக்கெல்லாம் காட்டினேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் பாராட்டி எழுதினார்கள். அண்ணன் கடைக்கு யார் வந்தாலும் போனை நீட்டிக் காட்டினார்கள். அவரும் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு தன் கையையே பார்த்தார். வலது பக்கத்தில் வாசித்தது கொஞ்சம் வேகம் என்றார்.

ஒரு வாரம் அப்படி இருந்தது. பிறகு அது வேறு கைகளுக்குப் போனது. எங்கள் ஊரை ஒருபோதும் பார்த்திராதவர்கள் அதன் கீழே எழுதத் தொடங்கினார்கள். எங்கள் பாட்டைத் திருடியது யார் என்று ஒரு சண்டை. பலிபீடத்துக்கு முன் உட்கார அவனுக்கு என்ன உரிமை என்று ஒரு சண்டை. யாரோ ஒருவர் அந்த வீடியோவின்மேல் தன் குரலைப் பதிந்து, கர்த்தருடைய ஆலயம் எப்படிச் சந்தையாகிவிட்டது பாருங்கள் என்று முழுக்கப் பேசி அனுப்பினார். அது எங்கள் சபை வாட்ஸாப் குழுவுக்கே வந்தது. அதே நாட்களில் கோயில் குழுவிலும் இதே போல வேறொரு குரல் சுற்றியதாம். அம்மனுக்குப் பாடுகிற பாட்டு சர்ச்சிலிருந்து வந்ததா, அப்படியானால் இத்தனை காலம் நாம் யாரைக் கும்பிட்டோம் என்று அதில் கேட்டிருந்தார்களாம்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் முதலில் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்த வரைக்கும் யாரும் அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. இப்போது சொல்ல வேண்டி வந்தபோது சொல்வதற்கு எங்களிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

புதிதாக வந்திருந்த போதகர் கெட்ட மனிதர் அல்ல. வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். எங்கள் தமிழும் புரியாது, எங்கள் பழக்கங்களும் புரியாது. மேலிடத்திலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கமிட்டி கூடியது. பிரச்சினை அடங்கும் வரை கொஞ்ச நாளைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று முடிவானது. அதைச் சொல்வதற்குப் போதகரே அண்ணன் கடைக்குப் போய், உட்கார்ந்து சாயா குடித்து, மரியாதையாகச் சொன்னாராம். அந்த வெள்ளிக்கிழமையே கோயில் செயலாளரும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் கழியட்டும் என்றிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை நான் கடை முன்னால் நின்றேன். அவர் ஒரு சார்ஜரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"விடு பிள்ளே," என்றார். "எனக்கு இப்ப ஞாயிறும் இல்ல, வெள்ளியும் இல்ல. எல்லாம் ஒரே கிழமை ஆக்கும்."

நேரமாகிறது, வண்டி போய்விடும் என்று அவரே என்னை அனுப்பிவைத்தார்.

அந்த ஆராய்ச்சிப் பெண் விஷயம் கேட்டு ஓடிவந்தாள். மைனியின் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். வீடியோவை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மைனி அவளுக்குச் சாயா போட்டுக் கொடுத்து, நீ என்ன செய்வாய், நல்லதுக்குத்தானே செய்தாய் என்றாள். அண்ணன் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

கொஞ்ச நாள் என்றது நீண்டது. சபையில் ஒரு கீபோர்டு வாங்கினார்கள். பொத்தானை அழுத்தினால் தாளத்தையும் அதுவே போட்டுக்கொண்டது. வாசித்த இளைஞன் திறமையானவன்தான். ஆனால் நாங்கள் இழுத்தால் அது நிற்காது. எங்களை விட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். கோயிலில் பஜனைக்கு ஒலிப்பதிவு போட்டார்கள். அண்ணன் சாயங்காலங்களில் வீட்டில் வாசிப்பதாக மைனி சொன்னாள். பிறகு அதுவும் குறைந்தது. பெட்டியைத் துணி போட்டு மூடி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார் என்றாள்.

மறு மழைக்காலத்தில் அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. ரத்தம் எடுக்க நான்தான் போனேன். எத்தனையோ முறை அவருக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வலது கையை நீட்ட மாட்டார். இது வாசிக்கிற கை, அந்தக் கையில் குத்து என்று இடது கையைக் காட்டுவார். அன்றைக்கு இடது கையில் ஏற்கெனவே மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் நான் வலது கையை எடுத்தேன். தண்ணீரில் கிடந்த துணி போலக் கனத்தது. ஊசி ஏறும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னைப் பார்த்தபடி இருந்தார். நான் சாம்பிள் குழாயில் பேர் எழுதுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் ஏழெட்டு மாதம் இருந்தார். சபைப் பெண்கள் சிலபேர் அடிக்கடி போய்ப் பார்த்தோம். கமிட்டிக்காரர்களும் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள், கோயில்காரர்களும் போனார்கள். யாருக்கும் அவரிடம் விரோதம் இல்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டாமல் இருந்தது. ஒருவராவது வெறுத்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டுக்கொள்ளலாம்.

அவர் இறந்தது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில். செய்தி கேட்டதும் நான் கட்டஞ்சாயாவை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பாடகர் குழுப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பாலராமபுரத்து வெள்ளைச் சேலை, கரை மெலிந்தது. கோயில் பக்கத்துப் பெண்களும் அதையேதான் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டு முற்றத்தில் நின்றவர்களில் யார் எந்த வீட்டுக்காரி என்று வெளியாள் ஒருவனால் சொல்லியிருக்க முடியாது.

அவரை முன்னறையில் தரையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, உடைத்த தேங்காய் மூடியில் திரி. அவருடைய மகன் திருவனந்தபுரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். உடம்பு மோசம் என்று கேட்டு முந்தைய இரவே வந்துவிட்டான். கோயில் கமிட்டியிலும் இருந்தவன். வீடியோ பிரச்சினை வந்தபோது அவன்தான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டுச் சங்கடப்பட்டவன். என்னைப் பார்த்ததும் வந்து மாமி என்று கையைப் பிடித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, இங்கே சபைப் பாட்டு ஒன்றும் வேண்டாம் மாமி, மறுபடி யாராவது படம் எடுத்துப் போட்டால் அப்பாவுக்குச் செத்த பிறகும் நிம்மதி இருக்காது என்றான். மலையாளத்தில் சொன்னான். நான் பாட வரவில்லை, சாயா கொண்டுவந்தேன் என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயா ஊற்ற எனக்கு உதவி செய்தான்.

இப்போதெல்லாம் மாமரம் வெட்டிச் சிதை அடுக்குவது குறைவு. எரிவாயுவில் தகனம் செய்கிற பெட்டியை வண்டியில் கொண்டுவந்து தென்னந்தோப்பில் இறக்குகிறார்கள். அந்த வண்டி வரத் தாமதமானது. குளிப்பாட்டி முடித்து, நெற்றியில் நீறு பூசி, கோடி போர்த்தியாயிற்று. இனி செய்ய ஒன்றும் இல்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெளியே ஆண்கள் நாற்காலிகளில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைனி அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தவள், முனகுவதுபோல ஏதோ தொடங்கினாள். அழுகை என்றுதான் நினைத்தோம். கொஞ்சம் கழித்துத்தான் மெட்டு பிடிபட்டது.

மைனி பாடி நான் கேட்டதே இல்லை. சபைக்கு அவள் வந்ததில்லை. கோயிலிலும் பின்னால் நிற்கிறவள். அத்தனை வருடமும் அவள் அந்தப் பாட்டை அடுக்களையிலிருந்து, அவர் வீட்டில் பழகும்போது கேட்டது மட்டும்தான். அதனால் அவளுக்கு எந்த வரி எங்கே பாடுவது என்ற பேதம் இல்லை. முதல் வரி எங்கள் தமிழில் வந்தது. இரண்டாவது வரி கோயிலின் மலையாளத்தில் வந்தது. இரண்டும் ஒரே மூச்சில், ஒன்றிலிருந்து ஒன்று முளைத்ததுபோல வந்தன. குரல் நடுங்கியது, ஆனால் சுருதி விலகவில்லை. அவர் இருந்திருந்தால் குறை சொல்ல இடம் இருந்திருக்காது.

மகன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, மதி," என்றான், போதும் என்று.

மைனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. குழந்தையிடம் சொல்வதுபோல, "நீ போய் அந்த வண்டிக்காரன் எங்க வாறான்னு கேளு மோனே," என்றாள்.

அவன் போகவில்லை. நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.

மூன்றாவது வரியில் மைனிக்குச் சொல் வரவில்லை. மெட்டு அந்த இடத்தில் மேலே ஏறும். அவள் ஏறிவிட்டு அங்கே தொங்கினாள். வாய் அசைந்தது, சொல் இல்லை. குழுவில் பக்கத்தில் நிற்பவள் தடுமாறினால் வரியை எடுத்துக் கொடுப்பது எங்களுக்கு வழக்கம். யோசித்துச் செய்வதல்ல அது. என் வாயிலிருந்து அந்த வரி வந்துவிட்டது. மைனி அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் பெண்கள் மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வரியைக் கோயில் பக்கத்துப் பெண் ஒருத்தி மலையாளத்தில் எடுத்தாள். யாரும் குரலை உயர்த்தவில்லை. வெளியே இருந்தவர்களுக்கு என்ன பாட்டு என்று தெரிந்திருக்காது, பெண்கள் அழுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மகன் முகத்தை நிலையோடு சேர்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

பாட்டு முடிவதற்குள் வண்டி வந்துவிட்டது. கடைசிச் சரணம் பாடவில்லை.

அதை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனாலும் செய்தி போயிற்று. போதகர் என்னை ஆராதனைக்குப் பிறகு நிற்கச் சொன்னார். சாவு வீட்டில் நடந்ததைக் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நான் ஒரு சாவு வீட்டுக்குள் போய் யாரையும் தடுக்க மாட்டேன், ஆனால் இந்தப் பாட்டை மேற்கொண்டு நாம் சபையில் வைத்துக்கொள்வது நல்லதில்லை என்றார். மெட்டு ஒன்றாக இருப்பதால்தானே இத்தனையும் என்றார். பாட்டுப் புத்தகத்தில் அது இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. கோயிலிலும் வேறு மெட்டில் ஒன்றைப் பழகிவிட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் தங்கள் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது இப்போது யாருடைய பாட்டும் இல்லை.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு மகன் வீட்டுக்கு வந்து அழைத்தான். போனேன். இலை போட்டு, பரிப்பும் சாம்பாரும் பாயசமும் விளம்பினார்கள். எங்கள் சபையில் பதினாறாம் நாள் ஜெபத்துக்குப் போடுகிற அதே சாப்பாடு, சமைத்ததும் அதே ஆள்தான். மைனி சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவளை மகன் தன்னோடு திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். வீட்டைப் பூட்டிவிட்டார்கள். கடையை இப்போது வேறொருவர் எடுத்து லாட்டரி விற்கிறார்.

போன வருடம் மகன் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். அப்படி ஒன்றுமில்லை. கேண்டீனில் உட்கார்ந்ததும் கேட்டான், அப்பா வாசித்தது ஏதாவது உங்கள் போனில் இருக்கிறதா என்று. அம்மாவுக்கு நினைவு மங்கிக்கொண்டு வருகிறதாம். சில நாட்களில் மகனையே யார் என்று கேட்கிறாளாம். ஆனால் சாயங்காலம் ஆனால் பெட்டியைத் திற, அவர் வாசிக்கட்டும் என்று சொல்கிறாளாம். எதையாவது போட்டுக் காட்டலாம் என்று நினைத்தான்.

என்னிடம் இல்லை. அந்தச் சண்டை நடந்த நாட்களில் பயந்து நானும் அழித்துவிட்டேன். அத்தனை வருடம் ஞாயிறுதோறும் வாசித்தவரை, தினமும் இருப்பவர்தானே என்று யாரும் பதிந்து வைக்கவில்லை. அந்த ஆராய்ச்சிப் பெண் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். தேடிப் பிடித்து எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அன்றைக்கே மனம் பொறுக்காமல் கம்ப்யூட்டரிலிருந்தும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் சேச்சி, தீஸிஸும் வேறு விஷயத்தில் செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

கடைசியில் கிடைத்தது ஒன்றே ஒன்று. சபைக் குழுவில் அப்போது சுற்றிய, யாரோ முழுக்கத் திட்டிப் பேசிய பதிவு. எங்கள் பாடகர் குழுப் பெண் ஒருத்தியின் பழைய போனில் அழிக்கப்படாமல் கிடந்தது. அனுப்பவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மகனிடம் சொன்னேன். அனுப்புங்கள் மாமி என்றான்.

சில நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் மைனியைப் பார்க்கத் திருவனந்தபுரத்துக்கு, மகன் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள், மெலிந்திருந்தாள். என்னை யார் என்று கண்டுகொள்ளவில்லை. மலையாளத்தில் மரியாதையாக உட்காரச் சொன்னாள். மகன் போனை அவள் காதருகில் வைத்தான். முன்னால் அந்த மனிதனின் குரல் உரக்கக் கர்த்தரின் கோபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போயிற்று. அடியில், வெகு தூரத்தில், அண்ணனின் ஆர்மோனியம். அவன் மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் மட்டும் மெட்டு தெளிவாகக் கேட்டது.

மைனி முகத்தைச் சுளித்துக் கேட்டாள். பிறகு மகனிடம், "இவன் ஏன் இடையில கெடந்து பேசுதான்? கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு," என்றாள். தமிழில் சொன்னாள்.

மகன் எழுந்து உள்ளே போய்விட்டான். நான் போனை வாங்கி மறுபடி முதலிலிருந்து போட்டேன். மைனி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அதில் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று முறை போட்ட பிறகு தூங்கிவிட்டாள். சாயங்காலப் பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் எழுப்பாமல் இறங்கி வந்துவிட்டேன்.

நான் இன்னும் குழுவில் பாடுகிறேன். ஆராதனை இப்போது முழுக்க மலையாளம்தான். தமிழ்க் கீர்த்தனைகள் பண்டிகை நாளில் ஒன்றிரண்டு. நாங்கள் இழுப்பதும் நின்றுவிட்டது, கீபோர்டுக்குச் சரியாகவே பாடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து ஒலிபெருக்கி கேட்கும்போது துணி மடிப்பதை நிறுத்துவதில்லை. என்ன பாட்டு என்று எனக்குத் தெரிவதில்லை.